இறுதிக்காலத்தில் ஆன்மத்துணை

பிறந்த உயிர் இறத்தல் ஒருதலை என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின், இறப்பு வரும் முறை காலத்துக்குக் காலம் வேறுபடுகின்றது. முன்னாளில் வாந்திபேதியும் அம்மையும் மக்களைச் சில நாட்களுள்ளே கொண்டு சென்றன. இக்காலத்தில் அந்நோய்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. அவற்றினிடத்தைப் புற்றுநோய், இருதயநோய், சிறுநீரகநோய் முதலியன பற்றிக்கொண்டன. இவை ஒரே நாளிற் கொல்வன அல்ல. நோய் இனி மாறாது என்று வைத்தியர் அறிந்த நாளுக்கும் மூச்சு அடங்கும் நாளுக்கும் இடையே பல வாரங்கள், சிலவேளை பல மாதங்கள் கழிகின்றன. அந்த இடைக்காலத்தில் உடலுக்கு வேண்டியதைச் செய்ய வைத்தியரும் தாதியரும் உளர். உள்ளத்துக்கும் உயிருக்கும் வேண்டியதைச் செய்பவர் யாவர்? அவர் செய்யத்தக்கது யாது? இவ்விரு வினாக்களையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்துச் சைவ மக்களிடையே இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வைத்தியர் கைவிட்ட நோயாளரை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவர். நெற்றியில் திருநீறு இடுவர். வாயிற் பால் வார்ப்பர். உற்றார் சூழ்ந்திருந்து திருவாசகத்துச் சிவபுராணத்தை ஓதுவர். அந்நியர் நடுவே, இயந்திரங்களின் ஓசையிடையே உயிர் பிரிதலினும், பிறந்து வளர்ந்த வீட்டில் பழகிய குரல்களைக் கேட்டுக்கொண்டு பிரிதல் எவ்வளவோ மேலானது. இவ்வழக்கத்தின் சிறப்பைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும், ஓதுதல் தொடங்கும் வேளையில் நோயாளருடைய புலன்கள் பெரும்பாலும் கலங்கிவிடுகின்றன. அவர் பேசக்கூடியவராக இருந்த வாரங்களில் அவருக்குச் சொல்லப்பட்டது யாது என்று நோக்கினால், "ஒன்றுமில்லை, எல்லாம் சுகமாய்விடும்" என்பதன்றி வேறில்லை. எனவே, பேச்சு முடிந்த இடத்திலேதான் ஆன்மத்துணை தொடங்குகின்றது. ஓதுதல் உண்டு, அதற்கு முன்னே நிகழ்ந்திருக்கவேண்டிய கேட்டல் இல்லை.

இறுதி வேளையை நம்பியிருத்தல் ஆகாது என்பதை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மரணத் தறுவாயில் நினைக்க இயலாது போகும் என்றஞ்சி, அப்பொழுதைக்கு வேண்டியதை இப்பொழுதே சொல்லிவைத்ததாகப் பெரியாழ்வார் திருவரங்கத்துப் பெருமானிடம் விண்ணப்பிக்கின்றார். வாத பித்த கபங்கள் தொண்டையை அடைக்கும் வேளையில் நினைவு எவ்வாறு கூடும் என்னும் கவலையை முகுந்தமாலையிலும் காணலாம். பகவத்கீதையின் எட்டாம் அத்தியாயம், ஒருவன் இறுதியில் எதனை நினைக்கின்றானோ அதனையே அடைகின்றான் என்கின்றது. இதனை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசிக் கணத்திற் காதில் ஒரு நாமத்தைச் சொன்னாற் போதும் என்று கருதுவோர் உளர். அவ்விடத்திலேயே கீதை, வாழ்நாள் முழுவதும் எதிற் பழகியதோ அதுவே அவ்வேளையில் நினைவுக்கு வரும் என்ற காரணத்தையும், ஆதலின் எக்காலத்தும் நினைக்க என்ற கட்டளையையும் சேர்த்துக் கூறுகின்றது. கடைசிக் கணம் அறுவடைக்குரியது, விதைப்புக்குரியதன்று.

இனி, இறக்கப்போகின்ற ஒருவனுக்கு உண்மையை அறிவித்தல் தகுமா என்னும் வினா எழுகின்றது. இதற்குப் பாகவதமே விடை தருகின்றது. பரீட்சித்து மன்னன், தியானத்தில் இருந்த சமீக முனிவரின் கழுத்தில் இறந்த பாம்பை இட்டான். அதனாற் சினந்த முனிவர் மகன், ஏழாம் நாளில் தட்சகன் தீண்டி இறக்குமாறு அவனைச் சபித்தான். சாபத்துக்கு வருந்திய முனிவரோ அதனை மறைத்து வைத்தாரல்லர். செய்தி மன்னனுக்கு எட்டியது. மன்னன் அரசைத் துறந்து கங்கைக்கரையில் அமர்ந்து, சாகப்போகின்றவன் செய்யத்தக்கது யாது என்று தானே வினவினான். வந்திருந்த சுகமுனிவர் அவன் வினவியவற்றுக்கு விடை கூறினார். கட்வாங்கன் என்னும் அரசனுக்கு ஒரு முகூர்த்தமே கிடைத்தது. பரீட்சித்துக்கோ ஏழு நாட்கள் உள என்பதையும் எடுத்துக்காட்டினார். இக்கதையில் இரண்டு கவனிக்கத்தக்கன. உண்மை மறைக்கப்பட்டிருக்குமாயின் அவ்வேழு நாட்களும் வேட்டையிலும் விருந்திலும் கழிந்திருக்கும். மேலும், உபதேசம் வினாவை ஒட்டியே பிறந்தது. வினாவாத ஒருவன்மேற் சொரியப்பட்டதன்று.

பரீட்சித்து அரசு துறந்தவன். அவனுக்கு மெய்ப்பொருள் ஒன்றே வினாவாயிருந்தது. இல்லறத்தார்க்கோ மனைவி, மக்கள், வீடு, கடன் என்னும் கவலைகளே முன்னிற்கும். இந்நிலையைப் பாளி மொழியிலுள்ள பௌத்த சூத்திரங்கள் நுணுக்கமாக எடுத்துரைக்கின்றன. நகுலபிதா என்னும் இல்லறத்தான் கடுநோயுற்றுக் கிடந்தபோது, அவன் மனைவி நகுலமாதா அவனிடம் பேசிய பேச்சை அங்குத்தர நிகாயத்திற் காணலாம். கவலையோடு இறத்தல் துன்பமானது. ஆதலின் கவலையோடு இறத்தல் வேண்டாம் என்று அவள் தொடங்குகின்றாள். பின்னர் அவன் உள்ளத்தில் இருக்கக்கூடிய கவலைகளை ஒவ்வொன்றாகத் தானே எடுத்துச் சொல்லி விடையிறுக்கின்றாள். பிள்ளைகளை வளர்க்க இயலாது என்று எண்ணவேண்டா. பருத்தி நூற்கவும் கம்பளி கோதவும் தனக்குத் தெரியும் என்கின்றாள். வேறொருவனை மணப்பாள் என்று எண்ணவேண்டா; பதினாறு ஆண்டுகள் இருவரும் காத்த ஒழுக்கத்தை அவனே அறிவான் என்கின்றாள். அதன் பின்னரே தன் சீலத்தையும் அறநெறியில் தனக்குள்ள உறுதியையும் குறிப்பிடுகின்றாள். நூற்கும் தொழிலைச் சொல்லிய பின்னரே அறநெறி சொல்லப்படுகின்றது. இம்முறை வைப்பு உள்ளத்தின் இயல்பை அறிந்தோர் வகுத்ததாகும். இச்சொற்களைக் கேட்ட நகுலபிதா நோயினின்று எழுந்தான் என்று சூத்திரம் முடிகின்றது.

சம்யுத்த நிகாயத்தில், நோயுற்ற இல்லறத்தானை மற்றோர் இல்லறத்தான் தேற்றுவது எவ்வாறு என்று மகாநாமர் புத்தரை வினவுகின்றார். முதலில் நோயாளன் வாழ்வில் ஈட்டியுள்ள நம்பிக்கையையும் ஒழுக்கத்தையும் நினைவூட்டி ஆறுதல் கூறவேண்டும். பின்னர், தாய்தந்தையரைப் பற்றிய கவலை உண்டா என்று கேட்கவேண்டும். அடுத்து மனைவி மக்களைப் பற்றிக் கேட்கவேண்டும். இவ்வாறு படிப்படியாக உயர்நிலைக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பது விடை. இத்துணையைச் செய்யத்தக்கவர் துறவியர் மாத்திரமல்லர், இல்லறத்தாரும் ஆவர் என்பது இச்சூத்திரத்தாற் பெறப்படுகின்றது.

அனாதபிண்டிகர் என்னும் வணிகர் இறக்கும் தறுவாயில் இருந்தபோது, சாரிபுத்தரும் ஆனந்தரும் அவரைக் காணச் சென்றனர். சாரிபுத்தர் பற்றறுத்தலைக் குறித்த ஆழ்ந்த உபதேசத்தைச் செய்தார். நோயாளர் கண்ணீர் விட்டழுதார். உள்ளம் தளர்ந்தீரோ என்று ஆனந்தர் வினவ, தளர்ச்சியன்று. நெடுங்காலம் புத்தரையும் துறவியரையும் போற்றிவந்தும் இத்தகைய உரையைக் கேட்டதில்லை என்றார் அவர். வெள்ளாடை உடுத்த இல்லறத்தார்க்கு இவ்வுரை சொல்லப்படுவதில்லை என்று கூறப்பட்டது. இல்லறத்தாருள்ளும் இதனை விளங்கிக்கொள்வோர் உளர். அவர்க்கும் சொல்லவேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். நோயாளர் எவ்வளவு தாங்குவார் என்பதைச் சூழ்ந்து நிற்போர் தாமே முடிவுசெய்தல் எத்துணைப் பிழையாகும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

சைவர்க்குப் பெரியபுராணத்தில் இதனோடு ஒத்த ஒரு காட்சி உண்டு. சூலைநோயாற் பொறுத்தற்கரிய வேதனையுற்ற மருணீக்கியார், இரவில் திருவதிகைக்கு வந்து தமக்கையார் திலகவதியாரின் திருவடிகளில் வீழ்ந்தார். தமக்கையார் அவரை எழுப்பி, ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். பின் விடியுமுன் திருவலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குத் தம்முடன் அழைத்துச் சென்றார். அங்கே பிறந்த பதிகம் தம்பியாருடைய வாயினின்று பிறந்தது; தமக்கையார் பாடிக் கேட்பித்ததன்று. உடன் சென்று சந்நிதியில் நிறுத்துதல் துணைவரின் பணி. பாட்டு நோயுற்றவருக்கே உரியது.

மேலைநாட்டில் இக்கருத்து வேறு வழியால் வந்து சேர்ந்தது. சிசிலி சோண்டர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1918 இற் பிறந்தவர். முதலில் தாதியாகவும், பின் வைத்தியசாலையிற் சமூகப் பணியாளராகவும் கடமையாற்றியவர். 1948 இல் இலண்டன் வைத்தியசாலையொன்றில் தாவீது தஸ்மா என்னும் போலந்து நாட்டு யூதர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். வார்சோவிலிருந்து வந்து உணவகத்திற் பணியாற்றிய அவருக்கு உற்றார் அருகில் எவருமிலர். தாம் இவ்வுலகில் ஒரு தடமும் விடாது போவதாகவே அவர் வருந்தினார். சோண்டர்ஸ் அம்மையார் அவரிடம் சென்று பேசிக்கொண்டிருப்பது வழக்கம். ஆறுதலாக ஏதேனும் சொல்லுமாறு ஒருநாள் அவர் கேட்க, அம்மையார் யூதர்க்கும் கிறித்தவர்க்கும் பொதுவாயுள்ள சங்கீதப் பாக்களை நினைவிலிருந்து சொன்னார். புத்தகத்திலிருந்து இன்னும் வாசிக்கவா என்று வினவியபோது, வேண்டாம், உமது அறிவிலும் நெஞ்சிலும் உள்ளதையே வேண்டுகின்றேன் என்ற கருத்துப்பட அவர் விடையளித்தார். இறக்கும்போது 500 பவுணை அம்மையார்க்கு விட்டு, எதிர்காலத்தில் அவர் கட்டும் இல்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருப்பதாகச் சொல்லிச் சென்றார்.

அச்சாளரத்தைச் சுற்றி இல்லம் எழப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. நோயாளரின் நோவைத் தணிக்கவேண்டுமாயின் தாமே வைத்தியராதல் வேண்டும் என்று கருதிய அம்மையார், முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் பயின்று 1957 இற் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு முதல் கிழக்கு இலண்டனிற் கன்னியர் நடத்திய புனித யோசேப்பு இல்லத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரைக் கவனித்து, அவர்கள் சொல்லியவற்றைக் குறித்துவைத்தார். சிலர் பேச்சை ஒலிப்பதிவும் செய்தார். நோவு தாங்காது நோயாளர் கதறிய பின்னர் மருந்து கொடுக்கும் பழைய முறையை விடுத்து, நோவு மீளுமுன்னரே குறித்த நேரந்தோறும் மோர்பீன் மருந்தை வாய்வழி கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். 1967 இல் தென்கிழக்கு இலண்டனிலுள்ள சிடன்ஹாமிற் புனித கிறிஸ்தோப்பர் இல்லம் திறக்கப்பட்டது. அம்மையார் 2005 இல் தாம் நிறுவிய அவ்வில்லத்திலேயே உயிர்நீத்தார்.

அவர் மருத்துவ உலகிற்கு அளித்த கருத்துக்களுள் தலையாயது "முழுநோவு" என்பதாகும். நோவு எங்கே என்று வினவியபோது ஒரு பெண் நோயாளர், முதுகில் தொடங்கியது, இப்போது தன்னில் எல்லாமே பிழைத்துவிட்டதுபோல் இருக்கின்றது என்றார். கணவனும் மகனும் படும் பாட்டையும் அதனோடு சேர்த்தே சொன்னார். உடல்நோவு, மனநோவு, குடும்பம் பற்றிய நோவு, வாழ்வின் பொருள் பற்றிய ஆன்மநோவு ஆகிய நான்கும் பின்னிக் கிடக்கின்றன என்பதை அம்மையார் இத்தகைய சொற்களிலிருந்தே கண்டறிந்தார். இவற்றுள் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தீர்த்தல் அரிது. உடல் நோவால் துடிப்பவனுக்கு இறைவனைப் பற்றிப் பேசுதல் பயனற்றது. அவ்வாறே, நெஞ்சில் உறுத்தும் குற்றவுணர்வை மருந்தால் மட்டும் தணித்தலும் இயலாது. அம்மையார் ஆழ்ந்த கிறித்தவ பக்தி உடையவர். ஆயினும், தம் இல்லம் எச்சமயத்தார்க்கும் சமயமில்லாதார்க்கும் உரியது என்பதில் உறுதியாக நின்றார். ஏசுநாதர் தம் இறுதி இரவில் சீடரிடம், தம்மோடு விழித்திருங்கள் என்று கேட்டதையே அவர் தம் பணிக்குக் குறிக்கோளாகக் கொண்டார். விளக்கம் சொல்லுமாறு அங்கே கேட்கப்படவில்லை, உடனிருக்குமாறே கேட்கப்பட்டது.

இக்கொள்கை பின்னர் உலகெங்கும் பரவியது. உலக சுகாதார தாபனம் 1990 இலும் 2002 இலும் வெளியிட்ட நோவுதணிப்பு மருத்துவத்தின் வரையறைகளில் உடல், உள்ள, சமூகத் துன்பங்களோடு ஆன்மத் துன்பமும் சேர்க்கப்பட்டது. கேரளத்துக் கள்ளிக்கோட்டையில் 1993 இல் நோவுதணிப்புச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் வழியிற் பயிற்சிபெற்ற அயலவர், நோயாளரை அவரவர் வீட்டிலேயே சென்று காணும் முறை அம்மாநிலத்தில் வளர்ந்தது. 2008 இற் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. தம் வேலை முடிந்தபின் நோயாளர் கட்டிலருகே சென்றமர்ந்து கேட்பவரும் அத்தொண்டருள் உளர். மகாநாமருக்குச் சொல்லப்பட்ட விடை இங்கே ஊர்தோறும் நடைமுறையாகியுள்ளது எனலாம்.

இவற்றை உளங்கொண்டு நம் சூழலை நோக்கின், நான்கு திருத்தங்கள் வேண்டப்படுகின்றன. முதலாவது, உண்மையைப் பற்றியது. நோயாளரிடம் உண்மை சொன்னால் அவர் நெஞ்சுடைவார் என்று குடும்பத்தார் அஞ்சுகின்றனர். நோயாளரோ தம் உடலின் மெலிவைத் தாமே அறிவார். குடும்பத்தார் துயருறுவர் என்றஞ்சி அறியாதவர்போல் நடிக்கின்றார். இருபாலாரும் ஒருவர்க்காக ஒருவர் மறைத்து, ஒரே அறையில் தனித்தனியே தவிக்கின்றனர். உண்மையைக் கல்லெறிவதுபோல் எறியவேண்டியதில்லை. நோயைப் பற்றி நோயாளர் என்ன நினைக்கின்றார், எவ்வளவு அறிய விரும்புகின்றார் என்று கேட்டு, அவர் விரும்பும் அளவுக்குச் சொல்லுதல் போதும். அறிய விரும்பாதவரை வற்புறுத்தலும் தகாது.

இரண்டாவது, வினை பற்றிய பேச்சு. நோயாளரின் முகத்துக்கெதிரே, "முற்பிறப்பில் என்ன செய்தாரோ" என்று சொல்லும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் மறையவில்லை. வினைக்கொள்கை ஒருவன் தன்னைத் திருத்திக்கொள்ளுதற்கும் துன்பத்தைப் பொறுத்தற்கும் சொல்லப்பட்டது. பிறனுடைய கட்டிலருகே நின்று தீர்ப்புக் கூறுதற்கன்று. வினையைப் போதித்த சைவ சித்தாந்தமே அவ்வினையைக் கடத்தும் திருவருளையும் போதிக்கின்றது. நோயாளருக்கு அவ்வேளையில் வேண்டுவது பின்னதே.

மூன்றாவது, கவலைகளைப் பற்றியது. 1983 இற்குப் பின் பெருகிய இடப்பெயர்வால் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் முதியோர் இங்கே, பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் என்றாகிவிட்டது. கொள்ளி வைக்க மகன் வருவானா, காணியும் வீடும் என்னாகும், கோயிற் பூசைக்கு யார் பொறுப்பு என்னும் வினாக்களே பலர் நெஞ்சில் உள்ளன. இவற்றை இகவாழ்வுக்குரிய அற்பக் கவலைகள் என்று தள்ளிவிட்டு மெய்ஞ்ஞானம் பேசுதல், நகுலமாதா கொண்ட முறைக்கு மாறானது. உறுதி எழுதவேண்டியதை எழுதுவித்தல், மனத்தாங்கலுள்ள சகோதரனை அழைப்பித்தல், தூரதேசத்து மகளின் குரலைத் தொலைபேசியிற் கேட்பித்தல் ஆகியனவும் ஆன்மத்துணையே. இனி, எவராலும் தீர்க்கமுடியாத கவலையும் உண்டு. போர்க்காலத்திற் காணாமற்போன மகன் எங்கே என்று வினவும் தாய்க்கு, "வருவான்" என்று சொல்லுதல் பொய். "மறந்துவிடு" என்று சொல்லுதல் கொடுமை. அங்கே செய்யத்தக்கது ஒன்றே: அவள் மகனின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அருகிருந்து கேட்டல்.

நான்காவது, ஓதுதலைப் பற்றியது. சிவபுராணம் பாட்டின் பொருளை உணர்ந்து ஓதுவோரையே தன் இறுதியிற் சிறப்பிக்கின்றது. ஆதலின், அது நோயாளர் கேட்டுணரக்கூடிய நாட்களிலேயே, அவர் விரும்பும் வேளையில், அவர் விரும்பும் அளவுக்கு ஓதப்படல் வேண்டும். சிலர்க்குத் தேவாரம் உவப்பு, சிலர்க்குக் கந்தரலங்காரம், சிலர்க்குப் பேசாதிருத்தலே உவப்பு. நம்பிக்கை தளர்ந்து, இறைவன் உளனோ என்று கேட்பவரும் இருக்கலாம். அவரோடு வாதிட்டு வெல்லுதல் துணையாகாது. இவ்வாறு முன்னரே பழகியிருந்தால், புலன் கலங்கும் வேளையில் எழும் ஓதல் நோயாளர்க்குப் புதிய ஒலியாக இராது. தாம் நேற்றுவரை உற்றாரோடு சேர்ந்து சொல்லிய சொல்லாகவே இருக்கும். கீதை சொல்லிய பழக்கத்தின் பயனும் அப்போதே கைகூடும்.

இப்பணிக்குப் பெரும் கல்வி வேண்டியதில்லை. வைத்தியரும் குருக்களும் தத்தமக்குரியவற்றைச் செய்க. எஞ்சியதை மகளும் மருமகனும், அயலவரும் பழைய மாணவரும் செய்யலாம். கல்லூரியிற் பயிலும் இளைஞன் ஒருவன், நோயுற்ற தன் பேரனாரின் அருகில் நாளுக்கு அரைமணி நேரம் அமர்ந்து, அவர் சொல்லும் பழங்கதையை இடைமறியாது கேட்பானாயின், அவனும் அத்தொண்டருள் ஒருவனே. தாவீது தஸ்மா வேண்டியது புத்தகத்தில் உள்ளதையன்று. அருகிருந்தவரின் நெஞ்சில் உள்ளதை. அதனைக் கொடுப்பதற்கு நெஞ்சில் ஏதேனும் இருத்தல் வேண்டும். ஆதலின், இறப்போர்க்குத் துணைசெய்ய விரும்புவோர், தாம் நலமாயுள்ள காலத்திலேயே தம் உள்ளத்தை நிறைத்துக்கொள்ளுதல் கடனாகும். அவ்வாறு நிறைத்துக்கொண்டோர், தம் நாள் வரும்போது தமக்கும் துணையாவர்.